படித்துப் பாருங்கள்: நூற்பரிந்துரையின் மொழியும் க.நா.சு.வின் நடைமுறையும்

1. முன்னுரை

ஒருவர் தாம் படிக்கும் நூலைப் பிறருக்கு எடுத்துச் சொல்லுதல் திறனாய்வின் மிக எளிய வடிவமாகும். நூல் மதிப்புரை, முன்னுரை, ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் பலரும் எழுதியுள்ளனர். இவற்றுக்கெல்லாம் முற்பட்டதாகிய ‘இதைப் படித்துப் பாருங்கள்’ என்னும் ஒற்றைத் தொடர் ஆய்வுக்கு உரியதாகப் பெரிதும் கருதப்படவில்லை. ஆயினும் எந்த நூல் அடுத்த வாசகரைச் சென்றடைகிறது, எந்த நூல் வேறொரு மொழிக்குப் பெயர்க்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் அத்தொடரே முடிவு செய்கிறது.

இக்கட்டுரை மூன்று செய்திகளை ஆராய முற்படுகிறது. தமிழில் நூற்பரிந்துரை எவ்வகை மொழி வடிவங்களைக் கொள்கிறது என்பது முதலாவது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் நூல்களைப் பரிந்துரைப்பதையே தம் திறனாய்வின் நடுப்பொருளாகக் கொண்ட க.நா.சுப்ரமண்யத்தின் (1912–1988) நடைமுறையில் அவ்வடிவங்கள் எவ்வாறு இயங்கின என்பது இரண்டாவது. மொழிபெயர்ப்பாளருக்கு இவற்றால் விளையும் பயனும் இடரும் யாவை என்பது மூன்றாவது.

‘பரிந்துரை’ என்னும் சொல்லைப் பற்றி முதற்கண் ஒரு குறிப்பு. இச்சொல் இன்று அலுவலக வழக்கில் மிகுதியாகப் பயில்கிறது. அதற்கு முன்னரே பேச்சு வழக்கில் இருந்த ‘சிபாரிசு’ பாரசீக மூலத்திலிருந்து வந்தது. வேலைக்கும் சலுகைக்கும் செல்வாக்குள்ளவரை நாடுதல் என்னும் பொருட்சாயல் அதில் ஒட்டிக்கொண்டுள்ளது. ‘பரிந்துரை’யோ பரிவோடு ஒருவர் பக்கம் நின்று பேசுதல் என்னும் பொருளைத் தன் உறுப்புகளிலேயே கொண்டுள்ளது. நூற்பரிந்துரையில் யார் பக்கம் பரிந்து நிற்பது? நூலின் பக்கமா, அதைப் படிக்கப்போகும் வாசகரின் பக்கமா? பின்வரும் பகுதிகள் இவ்வினாவையே பல கோணங்களில் அணுகுகின்றன.

2. பாயிர மரபு

தமிழில் நூலைப் பிறருக்கு அறிமுகம் செய்யும் மரபு புதியதன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தைச் செய்தவர் பனம்பாரனார். அவரைத் தொல்காப்பியருடன் பயின்றவராக உரைமரபு கூறும். நன்னூலின் பாயிரவியல் இம்மரபை விதிகளாகத் தொகுத்துத் தருகிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டியவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். பாயிரம் செய்வதற்கு உரியோர் யாவர் என்பதையும் நன்னூல் வரையறுக்கிறது. நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், நூலுக்கு உரை வகுத்தவர் என அவர் நால்வர்.

இவ்வரையறையில் இரண்டு கூறுகள் இன்றைய நோக்கில் கருதத்தக்கவை. முதலாவது, பாயிரம் செய்வோர் அனைவரும் நூலை முழுமையாகக் கற்றவர்களாகவோ நூலாசிரியரின் கல்வியை நேரில் அறிந்தவர்களாகவோ இருக்கின்றனர். கேள்விப்பட்டுப் பாயிரம் எழுதுதல் அம்மரபில் இல்லை. இரண்டாவது, எட்டு உறுப்புகளுள் ‘கேட்போர்’ என்பதும் ஒன்றாக எண்ணப்படுகிறது. இந்நூல் நன்று என்று கூறுவதோடு பாயிரத்தின் பணி முடிந்துவிடவில்லை. இந்நூல் இன்னார்க்கு உரியது என்றும் அது கூற வேண்டும்.

சிறப்புப் பாயிரங்கள் பிற்காலத்தில் வெறும் புகழுரைகளாகத் திரிந்தன என்பது உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களின் முகப்பில் வரிசையாக நிற்கும் சாற்றுக்கவிகள் பலவற்றில் நூலைப் பற்றிய செய்தி குறைவு, உபசாரம் மிகுதி. எனினும் ஒரு மரபு திரிந்த நிலையைக் கொண்டு அதன் விதியைப் புறக்கணித்தல் பொருந்தாது. ‘கேட்போர்’ என்னும் உறுப்பை வேறொரு துறையிலிருந்து மீண்டும் வலியுறுத்தியவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தனுள் இரண்டு இதைப் பற்றியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. எல்லாருக்கும் சிறந்த நூல் என்ற கருத்துக்கு இவ்விரு விதிகளிலும் இடமில்லை.

3. பரிந்துரையின் இலக்கணம்

3.1 வினைநிலையும் அதிகாரமும்

ஒரு நூலைப் பரிந்துரைப்பவர் அந்நூலோடு தமக்குள்ள உறவை வினைமுற்றின் வடிவத்தால் உணர்த்திவிடுகிறார். ‘படித்தேன்’ என்பது நிகழ்ச்சியை மட்டும் கூறும். ‘படித்திருக்கிறேன்’ என்பது முன்னர் நிகழ்ந்த படிப்பின் பயன் இப்போதும் தம்மிடம் உள்ளது என்று காட்டும். ‘படித்துவிட்டேன்’ என்பது செயல் முற்றுப்பெற்றதை வலியுறுத்தும். ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது செயல் நடைபெறும் நிலையைச் சுட்டும். ‘படித்து வருகிறேன்’ என்பது நாள்தோறும் தொடர்ந்து நிகழ்வதைக் குறிக்கும்.

இவ்வடிவங்கள் பரிந்துரைத் தொடர்களுடன் சேரும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. பின்வரும் தொடர்களை ஒப்பிடலாம்.

(1) இந்நூலைப் படித்துவிட்டேன். நீங்களும் படித்தே ஆகவேண்டும்.
(2) இந்நூலைப் படித்துவிட்டேன். நீங்களும் படித்துப் பாருங்கள்.
(3) இந்நூலைப் படித்துக்கொண்டிருக்கிறேன்; நீங்களும் படித்துப் பாருங்கள்.
(4) ? இந்நூலைப் படித்துக்கொண்டிருக்கிறேன், நீங்களும் படித்தே ஆகவேண்டும்.

முதல் மூன்றும் இயல்பானவை. நான்காவது இலக்கணப் பிழை உடையதன்று. ஆயினும் கேட்போர் செவியில் உறுத்துகிறது. கட்டாயப்படுத்தும் உரிமை நூலைப் படித்து முடித்தவருக்கே உண்டு என்னும் எதிர்பார்ப்பு இவ்வுறுத்தலுக்குக் காரணம் எனலாம். படித்துக்கொண்டிருப்பவர் அழைக்கலாம், ஆணையிட இயலாது. நூலின் இறுதியை அறியாத நிலை அவருடைய மொழியைத் தானாகவே மென்மையாக்குகிறது.

3.2 ‘பார்’ என்னும் துணைவினை

தமிழில் நூற்பரிந்துரையின் இயல்பான வடிவம் ‘படித்துப் பார்’ என்பதே. தமிழ்த் துணைவினைகளைப் பற்றி இ.அண்ணாமலை முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ‘பார்’ என்பது ஒரு செயலைச் சோதனையாக மேற்கொள்ளுதலை உணர்த்தும் துணைவினை. உண்டு பார், கேட்டுப் பார், போட்டுப் பார் என்பவற்றில் அதன் முடிவு முன்கூட்டித் தீர்மானிக்கப்படுவதில்லை. முடிவைக் காண்பவர் செயலைச் செய்பவரே.

எனவே ‘படித்துப் பாருங்கள்’ என்பதற்கு எதிர்மறையான விடையையும் அதே வடிவத்தால் கூற இயலுகிறது. ‘படித்துப் பார்த்தேன், மனத்தில் ஒட்டவில்லை’ என்பது மிக இயல்பான மறுமொழி. அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ‘படித்தே ஆகவேண்டும்’ என்பதற்கு அவ்வாறு விடை கூறுவது எளிதன்று. அங்கே நூலை விரும்பாத வாசகர் தம்மையே குறைவாக எண்ணிக்கொள்ள நேர்கிறது.

இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் ‘ஓதி நோடி’, தெலுங்கில் ‘சதிவி சூடண்டி’, மலையாளத்தில் ‘வாயிச்சு நோக்கூ’, இந்தியில் ‘பட்கர் தேகியே’ என ‘பார்’ என்னும் பொருளுடைய வினையே இவ்விடத்தில் வருகிறது. வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இந்திய மொழிகள் நெடுங்கால உறவால் பொதுக்கூறுகளைப் பெற்றுள்ளன என்னும் கருத்தை எமனோ 1956இல் ‘மொழியியல் பரப்பு’ என்ற கோட்பாடாக விளக்கினார். நூலைப் பகிர்ந்துகொள்ளும் மொழியிலும் அத்தகைய பொதுமை ஒன்று இருப்பது கருதத்தக்கது. இந்திய மொழியினர் ஒருவருக்கொருவர் நூலைப் பரிந்துரைக்கும்போது முடிவைக் கேட்பவர் கையிலேயே விட்டுவிடுகின்றனர்.

அண்மைக் காலப் பதிப்பக விளம்பரங்களிலும் மதிப்புரைகளிலும் ‘கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல்’, ‘தவறவிடக் கூடாத நூல்’ என்னும் தொடர்கள் மிகுந்துள்ளன. இவற்றில் ஆங்கில விளம்பர நடையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. இம்மாற்றத்தைச் சொல்லளவில் மட்டும் கருதிவிட இயலாது. வினைமுற்றில் இருந்த கேட்பவர் உரிமை, பெயரெச்சத் தொடரில் நூலின் பண்பாகவே மாற்றப்பட்டுவிடுகிறது. யார் படிக்க வேண்டும் என்னும் வினா அதில் எழுவதே இல்லை.

3.3 ‘ஆம்’ என்னும் கேள்விச் செய்தி

பரிந்துரையின் இலக்கணத்தில் மூன்றாவதாகக் கருத வேண்டியது ‘ஆம்’ என்னும் ஒட்டு. ‘நல்ல நாவல்’ என்பதற்கும் ‘நல்ல நாவலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் எவரும் அறிவர். பின்னதில் பேசுபவர் தாம் படிக்கவில்லை என்பதையும், பிறர் கூறக் கேட்டதையே கூறுகிறார் என்பதையும் ஓர் ஒட்டினால் ஒப்புக்கொண்டுவிடுகிறார். செய்தியின் தோற்றுவாயை இத்துணைச் சிக்கனமாகக் காட்டும் வசதி எல்லா மொழிகளிலும் இல்லை.

ஆனால் எழுத்துத் தமிழின் திறனாய்வு நடையில் இந்த ‘ஆம்’ ஏறத்தாழ முழுமையாக மறைந்துவிடுகிறது. பேச்சில் ‘சிறந்த நாவலாம்’ என்று கேட்டது எழுத்தில் ‘சிறந்த நாவல்’ என்று பதிவாகிறது. ஒருவர் எழுதியதைப் படித்து மற்றொருவர் எழுதும்போதும் இதுவே நிகழ்கிறது. படித்தறிந்த மதிப்பீடும் கேட்டறிந்த மதிப்பீடும் அச்சில் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. இதன் விளைவுகள் ஐந்தாம் பகுதியில் ஆராயப்படும்.

4. படித்து முடியாதவரின் பரிந்துரை

நூலைப் படித்து முடித்தவரின் பரிந்துரையே நம்பத்தக்கது என்பது பொதுவான எண்ணம். பாயிர மரபும் அதனையே வலியுறுத்துகிறது. ஆனால் தமிழ் இலக்கிய வரலாற்றில் பெரும் விளைவை உண்டாக்கிய பரிந்துரை ஒன்று இவ்விதிக்குப் புறம்பானது.

1880இல் கும்பகோணத்தில் முன்சீபாகப் பொறுப்பேற்ற சேலம் இராமசுவாமி முதலியாருக்கும், அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலைத் தமிழ் வாசகர் அறிவர். ஐயர் அதனை ‘என் சரித்திர’த்தில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஐயர் தாம் பயின்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் முதலியவற்றை வரிசையாகக் கூறினார். முதலியார் அவற்றால் நிறைவடையாமல் சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றி வினவினார். பின்னர்ச் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை ஐயரிடம் தந்தார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் பழந்தமிழ் நூல் பதிப்பின் தொடக்கமாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. பரிந்துரையின் நோக்கில் அதில் வேறொரு சிறப்பு உண்டு. முதலியார் அந்நூலைக் கற்றுத் தேர்ந்து அதன் பெருமையைக் கூறியவர் அல்லர். அதை முறையாகப் படித்தறிய விரும்பியவர். படிப்பிக்கத் தக்க ஒருவரைத் தேடியவர். அவருடைய பரிந்துரைக்குள் ஒரு வேண்டுகோள் இருந்தது. ஐயர் படித்து விளக்க, முதலியார் கேட்க, இருவரும் அந்நூலுக்குள் சேர்ந்தே நுழைந்தனர். விளங்காத இடங்களுக்கு ஐயர் கும்பகோணத்துச் சைனர்களை நாடினார். அவர்களிடையே சிந்தாமணியைப் படிப்பதும் கேட்பதும் வழக்கில் இருந்தன. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

இதிலிருந்து பெறத்தக்க கருத்து ஒன்று உண்டு. படித்து முடித்தவர் தம் முடிவைத் தருகிறார். படித்துக்கொண்டிருப்பவரோ, படிக்க முயல்பவரோ தம் ஐயத்தையும் சேர்த்தே தருகிறார். முன்னதைக் கேட்பவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். பின்னதைக் கேட்பவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. முதலியார் தம் நிலையை மறைத்து, எல்லாம் கற்றவர்போல் அந்நூலைப் புகழ்ந்து மட்டும் பேசியிருந்தால் ஐயருக்கு மற்றொரு நூற்பெயர் தெரிந்திருக்கும்; கூட்டு வாசிப்பு ஒன்று தொடங்கியிராது.

இவ்விடத்தில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வட்டத் தொட்டியையும் நினைவுகூரலாம். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய நண்பர்கள் கம்பன் கவிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்தனர். அங்கே பரிந்துரையும் வாசிப்பும் ஒன்றாகவே நிகழ்ந்தன. ரசிகமணியின் பாட வேறுபாட்டு முடிவுகளை ஏற்காதவரும் ஒரு பாடலை நிறுத்தி நிதானமாகப் படிக்கும் முறையை அவரிடம் கற்றனர் என்பதை மறுக்க இயலாது.

5. க.நா.சு.: கட்டுரையும் பட்டியலும்

க.நா.சு. தம் நூலொன்றுக்கு இட்ட தலைப்பு ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது. 1950களின் பிற்பகுதியில் வெளிவந்த இந்நூலில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு தமிழ் நூலை எடுத்துக்கொண்டு வாசகருக்கு அறிமுகம் செய்கிறது. தலைப்பின் வினைவடிவம் ஆராயத்தக்கது. அது வினா, ஏவல் அன்று. ‘படித்தீர்களா?’ என்று கேட்டிருந்தால் குறிப்பிட்ட ஒரு வேலையை முடித்தாயிற்றா என்று ஆசிரியர் மாணவரை வினவும் தொனி வந்திருக்கும். ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது வாசகரின் அனுபவத்தை விசாரிக்கிறது. ‘இல்லை’ என்ற விடைக்கும் ‘ஆம், ஆனால் எனக்கு அது வேறுவிதமாகப் பட்டது’ என்ற விடைக்கும் அதில் இடம் உண்டு.

இக்கட்டுரைகளின் நடையும் தலைப்புக்கு ஒத்தது. அவை நீண்ட ஆய்வுகள் அல்ல. ஒரு வாசகர் மற்றொரு வாசகரிடம் பேசும் பாங்கிலேயே அவை இயங்குகின்றன. ‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிய சி.சு.செல்லப்பா, நூலின் பகுதிகளைக் கூறுகூறாக ஆராயும் அலசல் முறையை வற்புறுத்தினார். க.நா.சு. ரசனையையும் ஒப்பீட்டையும் நம்பினார். இவ்விருவர் நிலைப்பாடுகளும் நவீனத் தமிழ்த் திறனாய்வின் இரு கிளைகளாகப் பலராலும் விளக்கப்பட்டுள்ளன. அலசலைப் படிக்க நூலை ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். அறிமுகத்தைப் படிக்க அந்த முன்தேவை இல்லை. நூலைப் படிக்காதவரை நோக்கிப் பேசும் திறனாய்வு என்ற வகையில் க.நா.சு.வின் கட்டுரைகளுக்குத் தனி இடம் உண்டு. ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) போன்ற படைப்புகள் பின்வந்த வாசகரின் கவனத்தில் நிலைபெற்றதில் அவருடைய இடையறாத எடுத்துரைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் க.நா.சு. என்றவுடன் இன்று பலர் நினைவில் எழுவது இக்கட்டுரைகள் அல்ல, அவருடைய பட்டியல்களே. சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதையாசிரியர்கள் என்று அவர் அவ்வப்போது வெளியிட்ட பெயர் வரிசைகள் பெரும் விவாதங்களை எழுப்பின. பட்டியல் விமர்சனம் என்ற ஏளனமும் அவற்றால் பிறந்தது. க.கைலாசபதி முதலிய மார்க்சியத் திறனாய்வாளர் அவருடைய அளவுகோல்களையும் அவற்றின் சமூகச் சார்பையும் கடுமையாக மறுத்தனர். விவாதம் பெரும்பாலும் ‘யார் பெயர் உள்ளது, யார் பெயர் விடுபட்டது, அளவுகோல் சரியா’ என்பதாகவே அமைந்தது. பட்டியல் என்னும் வடிவம் மொழியளவில் எதை இழக்கிறது என்பது அவ்விவாதத்தில் முதன்மை பெறவில்லை.

பட்டியலில் வினைமுற்று இல்லை. எனவே பரிந்துரைப்பவருக்கும் நூலுக்கும் உள்ள உறவு அதில் தெரிவதில்லை. நேற்றுப் படித்ததா, இருபது ஆண்டுகளுக்கு முன் படித்து நினைவில் மங்கியதா, பாதி படித்ததா என்பதை அறிய வழியில்லை. பட்டியலில் ‘பார்’ இல்லை. கேட்பவர் தாமே முடிவு காணும் உரிமை அதில் குறிக்கப்படுவதில்லை. பட்டியலில் ‘ஆம்’ இல்லை. மூலப் பட்டியலைத் தந்தவர் அந்நூல்களைப் படித்தே தந்திருக்கலாம். க.நா.சு.வின் படிப்புப் பரப்பை அவருடைய எதிரிகளும் ஐயுற்றதில்லை. ஆனால் அப்பட்டியலை எடுத்தாளும் அடுத்தவர், அவரை எடுத்தாளும் மூன்றாமவர் ஆகியோர் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் சேர்க்க வேண்டிய ‘ஆம்’ சேர்க்கப்படாமலே பட்டியல் பெருகுகிறது. பாயிரத்தின் ‘கேட்போர்’ என்னும் உறுப்பும் அதில் விடுபடுகிறது. கல்லூரி மாணவருக்கும், முதிர்ந்த வாசகருக்கும், வேற்றுமொழி மொழிபெயர்ப்பாளருக்கும் அதே வரிசைதான்.

பட்டியலுக்கு ஆதரவாகக் கூறத்தக்கதும் உண்டு. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறிய பின்னரே பொது நூலகங்கள் சட்டத்தின் துணையுடன் பரவத் தொடங்கின. தரமான படைப்பு நூல்கள் சில நூறு படிகளோடு மறைந்துபோகக் கூடிய காலத்தில், ஒரு பெயரைத் தொடர்ந்து உச்சரித்துக்கொண்டிருப்பதே அதைக் காப்பதற்கு வழியாக இருந்தது. வணிக இதழ்களின் தொடர்கதைகளே இலக்கியம் என்று கருதப்பட்ட சூழலில் மாற்று வரிசை ஒன்றை முன்வைக்க அவர் முனைந்தார். அத்தேவை உண்மையானது. ஆயினும் அப்பணியை ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் வினாவும் செய்தது; பட்டியலைக் காட்டிலும் நேர்மையாகச் செய்தது. க.நா.சு. விட்டுச் சென்ற இரு வடிவங்களுள் எளிதில் நகலெடுக்கத்தக்கதையே பின்வந்தோர் கைக்கொண்டனர். நூலைப் பற்றி இரு பக்கம் எழுத அதைப் படித்தாக வேண்டும். பெயரை எழுதப் படிக்க வேண்டியதில்லை.

6. மொழிபெயர்ப்பு என்னும் பரிந்துரை

க.நா.சு.வின் மூன்றாவது பரிந்துரை வடிவம் மொழிபெயர்ப்பு. நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும், சுவீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லெவின் ‘கோஸ்டா பெர்லிங்’ கதையை ‘மதகுரு’ என்றும், பேர் லாகர்க்விஸ்டின் ‘பரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’ என்றும் அவர் தமிழாக்கினார். ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யும் அவர் தமிழில் தந்ததே. எதிர்த்திசையில், நீல.பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தாம் படித்ததைத் தம் மொழியினர் படிக்க வேண்டும் என்னும் வேட்கை இம்முயற்சிகள் எல்லாவற்றிலும் தெரிகிறது. ஒரு வாக்கியத்தையும் தாண்டிச் செல்ல இயலாத வாசகர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. அவ்வகையில் மொழிபெயர்ப்பே மிக முழுமையான பரிந்துரை.

இப்பரிந்துரையிலும் திறந்த வடிவமும் மூடிய வடிவமும் உண்டு என்பதைத் தலைப்புகளே காட்டுகின்றன. லாகர்க்விஸ்டின் நாவல் 1950இல் வெளிவந்தது. ஏசுவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற ஒருவன் நம்ப விரும்பியும் நம்ப இயலாமல் அலைவதே அதன் பொருள். இறுதியில் அவனுக்கு நம்பிக்கை வாய்த்ததா என்பதை அந்நாவல் தீர்த்துக் கூறுவதில்லை. மூலத் தலைப்பு அம்மனிதன் பெயர் மட்டுமே. ‘அன்பு வழி’ என்னும் தமிழ்த் தலைப்பு, நாவல் விடையளிக்க மறுத்த வினாவுக்கு முகப்பிலேயே விடை தந்துவிடுகிறது. தமிழ் வாசகருக்குப் ‘பரபாஸ்’ என்னும் பெயர் அயலானது. எனவே பொருள் விளங்கும் தலைப்பு தேவைப்பட்டது என்று வாதிடலாம். அயன்மையை நீக்கும் அத்தலைப்பு ஐயத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறது என்பதே குறை. ‘மதகுரு’ என்பதும் விளக்கத் தலைப்பே. எனினும் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒருவனின் கதைக்கு அது முகப்பாக நிற்பதால், அவன் இழந்ததை நினைவூட்டி, வாசகரின் தேடலுக்கு இடம் விடுகிறது.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்தார். அது சாகித்திய அகாதெமி வெளியீடாக 1962இல் வந்தது. மலையாளத்தில் அச்சொல் இறாலைக் குறிக்கும். தமிழ் வாசகர் அதைச் ‘செம்மை நிற மீன்’ என்றே உறுப்புப் பிரித்து உணர்வர். பழந்தமிழில் அது விண்மீனைக் குறித்தும் வந்துள்ளது. ‘இறால்’ என்று பெயர்த்திருந்தால் அகராதிப் பொருள் பொருந்தியிருக்கும். மூலச் சொல்லையே நிறுத்தியதால் வாசகர் பழகிய சொல் ஒன்றை ஐயத்தோடு அணுக நேர்கிறது. நூலுக்குள் சென்ற பின்னரே பொருள் தெளிவுபெறுகிறது. முகப்பிலேயே முடிவு கூறாத இத்தலைப்பு ‘படித்துப் பாருங்கள்’ என்னும் வடிவத்துக்கு ஒப்பானது.

இவ்வெடுத்துக்காட்டுகள் மற்றொரு செய்தியையும் உணர்த்துகின்றன. பாயிர உறுப்புகளுள் ‘வழி’ என்பது நூல் எதன் வழியாக வந்தது என்பதைக் கூறுவது. சுந்தர ராமசாமி மூலமொழியில் படித்துப் பரிந்துரைத்தார். வங்காளத்திலிருந்து த.நா.குமாரஸ்வாமியும், மராத்தியிலிருந்து கா.ஸ்ரீ.ஸ்ரீ.யும் அவ்வாறே செய்தனர். க.நா.சு. ஸ்காண்டிநேவிய நூல்களை ஆங்கில வழியே அறிந்தார். ஆங்கில வழி அறிவது குற்றமாகாது. அந்நூல்கள் தமிழுக்கு வர வேறு வழி அரிதாக இருந்தது. ஆயினும் எந்த நூல் ஆங்கிலத்தில் கிடைத்தது என்பதே எதைப் பரிந்துரைக்கலாம் என்பதன் எல்லையாகவும் அமைந்துவிடுகிறது. அவ்வெல்லை வாசகருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

இந்திய மொழிகளுக்கு இடையிலான பெயர்ப்பில் இச்சிக்கல் மேலும் கூர்மை அடைகிறது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் ‘ஆதான் பிரதான்’ வரிசையில் சு.கிருஷ்ணமூர்த்தி வங்காளத்திலிருந்து பெயர்த்த ‘நீலகண்ட பறவையைத் தேடி’ போன்ற நூல்கள் தமிழ் வாசகரிடையே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. அவற்றை நிலைநிறுத்தியவர்கள் தாம் படித்ததை நண்பருக்குக் கொடுத்த வாசகர்களே. ஒரு நாவலை மொழிபெயர்ப்பதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ உழைக்கும் ஒருவர், எவரோ எவரிடமோ கேட்டு எழுதிய பெயர் வரிசையிலிருந்து நூலைத் தேர்வாராயின் அவ்வுழைப்பு வீணாகும் வாய்ப்பு மிகுதி. விருதுப் பட்டியல்களும் பாடத்திட்டப் பட்டியல்களும் இவ்வகையில் ‘ஆம்’ நீக்கப்பட்ட பரிந்துரைகளே.

7. நிறைவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்து இதுவே. நூற்பரிந்துரையின் மதிப்பு, பரிந்துரைப்பவரின் புகழையோ அவர் தரும் முடிவின் உறுதியையோ மட்டும் பொறுத்ததன்று. அவர் நூலோடு எந்நிலையில் நின்று பேசுகிறார் என்பதை அவருடைய மொழி ஒளிக்காமல் காட்டுகிறதா என்பதைப் பொறுத்தது. படித்துக்கொண்டிருப்பவர் தாம் படித்துக்கொண்டிருப்பதாகவே கூறி அழைக்கலாம். அது குறையன்று, சிந்தாமணியின் வரலாறு அதற்குச் சான்று. படித்து முடித்தவர் காரணம் கூறலாம். கேட்டவர் ‘ஆம்’ சேர்த்துக் கூறலாம். மூன்றும் பயனுடையவை. ஒன்று மற்றொன்றின் வேடம் புனையும்போதே கேடு விளைகிறது.

மொழிபெயர்ப்புக்கு நூல் தெரிவு செய்யும் நிறுவனங்களும் இதழாசிரியர்களும் பாயிர விதிகளைப் புதிய நோக்கில் பயன்கொள்ள இயலும். பரிந்துரைப்பவர் ஒவ்வொரு நூலுக்கும் நான்கு செய்திகளைக் குறிக்குமாறு கேட்கலாம்: நூலை எவ்வளவு படித்துள்ளார்; எம்மொழி வழியாகப் படித்தார்; எவ்வகை வாசகரை எண்ணிப் பரிந்துரைக்கிறார்; படிக்கும்போது எவ்விடத்தில் ஐயமோ தடையோ நேர்ந்தது. முதல் மூன்றும் மரபு கூறியவற்றின் விரிவே. நான்காவது கும்பகோணத்து உரையாடல் கற்பிப்பது. மொழிபெயர்ப்பாளருக்கு மிகுதியும் பயன்படுவதும் அதுவே. ஒரு வாசகர் தடைப்பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் கடினமும் காத்திருக்கிறது.

க.நா.சு.வின் பட்டியல்களில் எப்பெயர் சேரும், எப்பெயர் நீங்கும் என்ற விவாதம் இன்னும் தொடரலாம். அதைக் காட்டிலும் அவருடைய தலைப்பு வினாவை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதும், ‘இல்லை’ என்று விடை கூறுவதற்குக் கூசாமல் இருப்பதும், நூலை வாங்கிப் படித்துப் பார்ப்பதும் அவருக்கும் அவர் பரிந்துரைத்த நூல்களுக்கும் செய்யும் நன்றியாகும்.